துரோகி என்று தீர்ப்பெழுதியது யார்?

சோழர் கதையைச் சொல்கிறவர்கள் அதன் கடைசி அத்தியாயத்துக்கு ஒரு வில்லனைத் தயாராக வைத்திருக்கிறார்கள். காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன். சோழ அரசவையில் இடம்பெற்ற சிற்றரசன்; மூன்றாம் ராஜராஜனுக்கு அடங்கியிருந்தவன்; பாண்டியன் படையெடுத்து வந்த நேரம் பார்த்துத் தன் அரசனையே பிடித்துச் சேந்தமங்கலத்துக் கோட்டையில் அடைத்தான்; போசள மன்னன் நரசிம்மன் படை அனுப்பி மீட்டான்; அன்று சரிந்த சோழ நாடு பிறகு நிமிரவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபின் சோழர் மீது கிளம்பிய ஆர்வத்தில் இந்தக் கதைக்குக் காரம் கூடிவிட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்றால் போதும், ஆள் யாரென்று கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

சம்பவம் நடந்தது உண்மை. 1231ஆம் ஆண்டையொட்டி, தெள்ளாற்றில், ஒரு சோழச் சக்கரவர்த்தி தனக்குக் கீழ்ப்பட்ட தலைவன் கையில் சிறைப்பட்டான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற தீர்ப்பு தப்பு. அரசவையில் இருந்த அரையன் ஒருவன் அரசனிடம் மாதச் சம்பளம் வாங்கிய குமாஸ்தா, முதலாளியின் பெட்டியில் கைவைத்தவன் என்ற நினைப்பில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஒரு அரையனின் வாழ்க்கை அப்படி இல்லவே இல்லை.

இதைச் சரிபார்க்கத் தஞ்சாவூருக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ போக வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டமே போதும். சோழன் சிறைப்பட்ட தெள்ளாறு வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. அந்த வெற்றியைக் காடவன் பக்கத்திலிருந்து சொல்லும் கல்வெட்டு வந்தவாசிப் பக்கத்து வயலூரில். சிற்றரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து கல்லில் வெட்டிவைத்தது செங்கத்தில். சம்புவராயர்களின் படைவீடும் இந்த மாவட்டம்தான். நடுவே அண்ணாமலையார் கோவில்: சோழர், காடவர், வாணகோவரையர், போசளர், விஜயநகரத்தார் என்று வந்தவர் போனவர் எல்லாருடைய எழுத்தையும் தாங்கி நிற்கும் சுவர்கள்.

அரையன் என்பவன் யார்? முதலில், சொந்த நிலம் உள்ளவன். அவன் அதிகாரம் அரசன் போட்ட பிச்சையில் தொடங்கியதல்ல. பல தலைமுறையாக அவன் குடும்பம் ஒரு நாட்டுப் பகுதியில் காலூன்றியிருக்கும். ஊர்களைக் காவல் காப்பதற்கு ஈடாக அவன் வசூலிக்கும் வரிக்குப் பாடிகாவல் என்று பெயர். ஊரார் நேரடியாகக் கொடுப்பது அது. சோழக் கருவூலத்தைச் சுற்றிக்கொண்டு வருவதல்ல. அந்த வருமானத்தில் அவன் தன் வீரர்களையும் குதிரைகளையும் வைத்துத் தீனி போட்டான். அரசன் போருக்கு அழைத்தால் அந்தப் படையோடு போனான். போய்விட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான்.

அரசவை அவனுக்குத் தந்தது வேறொன்று: மதிப்பு. குலோத்துங்கசோழக் காடவராயன், விக்கிரமசோழச் சம்புவராயன், ராஜராஜ வாணகோவரையன் என்று அந்தக் காலக் கல்வெட்டுகளில் வரிசையாக வரும் பெயர்களைக் கவனித்தால் விஷயம் புரியும். முன்பாதி அரசனுடையது, பின்பாதி குடும்பத்துடையது. அரியணையில் ஆள் மாறினால் முன்பாதி மாறும். பின்பாதி அப்படியே இருக்கும். அரசன் தன் பெயரைக் கொடுத்தான், அரையன் தன் படையைக் கொடுத்தான். இரு தரப்புக்கும் லாபம் உள்ள வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடியது.

மீதி நேரத்தில் அரையன் செய்தது கோவில் காரியம். நந்தா விளக்குக்கு 96 ஆடு விடுவது, 32 பசு விடுவது, நந்தவனத்துக்கு நிலம் கொடுப்பது, தன் பிறந்த நாள் பெயரில் பூசை வைப்பது. பக்தி இருந்திருக்கும், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் கோவில்தான் அந்தக் காலத்து ஊர்ச்சபை, களஞ்சியம், பதிவு அலுவலகம் எல்லாம். அங்கே பெயர் வெட்டப்பட்டவனுக்குத்தான் அந்த வட்டாரத்தில் சொல் செல்லும். திருவண்ணாமலையில் இதற்குப் பளிச்சென்ற உதாரணம் மூன்றாம் குலோத்துங்கன் காலத்து ஆறகளூர்த் தலைவன், மகதை நாட்டு வாணகோவரையன். அண்ணாமலையார் கோவிலுக்குப் பொன் வேய்ந்தவன் என்பதால் பொன்பரப்பினான் என்ற பெயரையே வாங்கிக்கொண்டான். சோழச் சக்கரவர்த்தி ஆண்டுகொண்டிருக்கும்போதே அண்ணாமலையில் ஒரு சிற்றரசனின் பொன் மின்னியிருக்கிறது, அவன் புகழ் பாடல்களாகக் கல்லில் ஏறியிருக்கிறது. இதை யாரும் அரசத்துரோகமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் தலை தப்பியிருக்காது.

அரசவைக்குள்ளேயே இவர்களின் எடை எவ்வளவு என்பதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு காட்டுகிறது. இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும். அரண்மனையில் கலவரச் சூழல். பெருமான்நம்பிப் பல்லவராயன் என்ற தலைவன்தான் குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய், விக்கிரம சோழனின் பேரனுக்குப் பட்டம் கட்டிவைத்தான். அவனே இரண்டாம் ராஜாதிராஜன். யார் அரசன் என்பதை ஒரு அரையன் முடிவு செய்திருக்கிறான். அது விசுவாசத்தின் உச்சம் என்று கல்லில் பதிவாகியிருக்கிறது. இதே அதிகாரத்தை இரண்டு தலைமுறை கழித்து இன்னொரு அரையன் எதிர்த்திசையில் காட்டியபோது மட்டும் நமக்கு வியர்க்கிறது.

அதே ராஜாதிராஜன் காலத்தில் இலங்கைப் படை பாண்டிய நாட்டுக்குள் புகுந்து சோழப் படையை விரட்டிக்கொண்டிருந்தபோது எதிரிலிசோழச் சம்புவராயன் என்ன செய்தான் என்று காஞ்சிபுரத்துப் பக்கம் ஆர்ப்பாக்கம் கல்வெட்டு சொல்கிறது. சோழப் படைக்குத் தலைமை தாங்கிப் போயிருந்தவன் அவன் மகன். கலங்கிப்போன தகப்பன் உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரிடம் ஓடினான். அவர் 28 நாள் பூசை செய்தார். எதிரிப் படை தோற்ற செய்தி மகனிடமிருந்து வந்தது. சம்புவராயன் ஆர்ப்பாக்கத்தையே அவருக்குக் காணிக்கையாக்கினான். அரசனுடைய போர், அரையனுடைய மகன், அரையனுடைய கவலை, அரையன் கொடுத்த ஊர். சோழப் பேரரசு என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது இப்படிப் பல குடும்பங்களின் ரத்தத்தாலும் சொத்தாலும் நின்ற ஒன்று.

அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் மறைக்கவில்லை. செங்கத்துக் கல்வெட்டுகளில் தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாளும் செங்கேணிச் சம்புவராயர் குடும்பத்துத் தலைவனும் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது. ஒருவருக்கொருவர் துணை நிற்பது, ஒருவர் பகைவரோடு மற்றவர் கூடாதிருப்பது. மூன்றாம் குலோத்துங்கன் என்ற வலுவான அரசன் அரியணையில் இருக்கும்போது, அவன் ஆட்சியாண்டுக் கணக்கிலேயே, அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவர்கள் தங்களுக்குள் படைக்கூட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதையும் எங்கே? இருட்டறையில் அல்ல, ஊர் பார்க்கக் கோவில் சுவரில். விருத்தாசலத்திலும் இந்த வகை உடன்படிக்கைகள் கிடைத்திருக்கின்றன. அரசனுக்கு மட்டுமே கடமைப்பட்டவன் அரையன் என்ற நினைப்பை இந்தக் கற்கள் தாங்காது.

இப்போது காடவன் கதைக்கு வரலாம்.

காடவர்கள் தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். கெடிலத்துக்கும் பெண்ணைக்கும் இடைப்பட்ட பகுதியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு முழுக்க அவர்கள் கை மெல்ல ஓங்கியதைத் திருமாணிக்குழி, திருநாவலூர், விருத்தாசலம் கல்வெட்டுகளில் பின்தொடரலாம். முதலில் ஒரு ஊரின் பாடிகாவல். பிறகு பல ஊர். பிறகு கச்சியராயன், காடவராயன் பட்டங்கள். பிறகு அண்டைத் தலைவர்களோடு போர். எல்லாம் சோழ ஆட்சியாண்டுக் கணக்கோடுதான். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் சேந்தமங்கலத்தில் கோட்டையும் வாணிலைகண்டீச்சுரம் என்ற கோவிலும் எழுந்தபோது அவர்கள் ஏறத்தாழ தனி அரசர்கள். அந்தக் கோவில் வளாகத்தில் தட்டினால் ஓசை எழுப்பும் கல் குதிரைகள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் குதிரையைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், சக்கரவர்த்தி ஒருவன் கைதியாக இருந்த இடம் அது என்பது பலருக்கும் நினைவில்லை.

கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தையும் மகனுமாக இருவர் இருந்தார்கள் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. சோழனைப் பிடித்தது மணவாளப்பெருமாள் என்றும் அழகிய பல்லவன் என்றும் அழைக்கப்பட்ட தந்தை. 1243 முதல் தன் பெயரில் ஆட்சியாண்டு எண்ணி 1279 வரை ஆண்டவன் மகன். கதை சொல்கிறவர்கள் இருவரையும் ஒட்டி ஒரே ஆளாக்கி, சிறை வைத்ததும் சிம்மாசனம் ஏறியதும் அடுத்தடுத்த நாளில் நடந்ததுபோல் சொல்கிறார்கள். நடுவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு உறுத்துவதில்லை.

சரி, 1231இல் நிலைமை என்ன? அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே சோழ நாடு தோற்றுப்போயிருந்தது. 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டுக்குள் புகுந்தான். தஞ்சையும் உறையூரும் எரிந்தன. ஆயிரத்தளியில் சோழர் முடிசூட்டு மண்டபத்திலேயே வீராபிஷேகம் செய்துகொண்டு, சிதம்பரத்தில் கும்பிட்டு, பிறகு பொன்னமராவதியில் வைத்துச் சோழ நாட்டைச் சோழர்களிடமே திருப்பிக் கொடுத்தான். அதைப் பெருமையாகத் தன் மெய்க்கீர்த்தியில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து சோழன் ஆண்ட நாடு பாண்டியன் விட்டுவைத்த நாடு. கப்பம் கட்ட வேண்டிய நிலை.

மூன்றாம் ராஜராஜன் அந்தக் கப்பத்தை நிறுத்தினான். அதனால்தான் இரண்டாவது படையெடுப்பு.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். மேலாதிக்கத்தை ஏற்றுக்கொண்டவன் நேரம் பார்த்து உதறுவது துரோகம் என்றால், ராஜராஜன் பாண்டியனுக்குச் செய்தது என்ன? அதற்கு வீரம், மானம், விடுதலை வேட்கை என்று பெயர். அதையே காடவன் ராஜராஜனுக்குச் செய்தால் நன்றிகெட்டதனம். ஒரே சந்தையில் இரண்டு படிக்கல்.

இன்னும் பின்னால் போனால் சங்கடம் கூடும். பிற்காலச் சோழர்களே சிற்றரசர்களாகத் தொடங்கியவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருப்புறம்பியத்தில் முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராஜிதன் பக்கம் நின்று போரிட்டான். சில ஆண்டுகளில் அதே அபராஜிதனைத் தாக்கித் தொண்டை மண்டலத்தைப் பிடித்தான். யானை மேலிருந்த பல்லவன் மீது பாய்ந்து அவனைக் கொன்றதை ஆதித்தனின் சாதனையாகக் கன்னியாகுமரியில் வீரராஜேந்திரன் கல்வெட்டு பேசுகிறது. தன் மேலாளனைச் சிறைபிடித்து உயிரோடு விட்டவன் துரோகி. தன் மேலாளனைக் கொன்றவன் பேரரசின் நிறுவனர். அப்படிக் கொல்லப்பட்ட பல்லவர் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டவன் காடவன் என்பது வரலாறு தன் பங்குக்குச் சேர்த்த குறும்பு.

தெள்ளாற்றில் நடந்ததற்கு இரண்டு தரப்புச் சாட்சியம் உண்டு. நமக்குப் பாடமாக வந்திருப்பது ஒரு தரப்பு மட்டும். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவிலில் உள்ள கல்வெட்டு அது. போசள நரசிம்மன் அனுப்பிய அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்ற இரு தண்டநாயகர்களின் படைநடை அறிக்கை என்றே சொல்லலாம். காடவன் சோழனைச் சேந்தமங்கலத்தில் பிடித்துவைத்தான், அவன் படை நாட்டை அழித்தது, சிவன் கோவில், பெருமாள் கோவில் இரண்டையும் பாழாக்கியது என்று குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு, நரசிம்மனின் ஆணைப்படி தாங்கள் செய்ததைப் பட்டியல் போடுகிறது.

அந்தப் பட்டியலைத்தான் துரோகிக் கதைக்காரர்கள் முழுக்க வாசிப்பதில்லை. எள்ளேரியும் கள்ளியூர்மூலையும் அழிந்தன. காடவனின் அதிகாரி சோழகோன் இருந்த தொழுதகையூர் அழிந்தது. தலைவர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பராக்கிரமபாகு என்ற ஈழத்து அரசனும் ஒருவன். குதிரைகள் பறிபோயின. நடுவில் சிதம்பரத்தில் பொன்னம்பலத்தாரைக் கும்பிட்டுக்கொண்டார்கள். பிறகு தொண்டைமானல்லூர் முதலான செழிப்பான ஊர்கள். காடு வெட்டப்பட்டது. திருப்பாதிரிப்புலியூரில் தங்கல். திருவதிகை, திருவக்கரை வட்டாரம். கடற்கரை ஊர்களுக்குத் தீ. பெண்களைப் பிடித்ததும் கொள்ளையடித்ததும்கூடக் கணக்கில் வருகின்றன. இத்தனைக்கும் பிறகு சேந்தமங்கலத்தை முற்றுகையிடத் தயாரானபோது காடவன் சோழனை விடுவிக்கச் சம்மதித்து ஆள் அனுப்பினான்.

அவன் ஊர்களை அழித்தான் என்று குற்றம் சாட்டும் அதே கல், நாங்கள் ஊர்களை எரித்தோம் என்று மார்தட்டுகிறது. எரிந்தது எந்த நாடு? சோழ மண்டலத்தின் நடுநாட்டுப் பகுதி. யாருக்காக? சோழனைக் காப்பாற்ற. நரசிம்மனுக்கு இதில் கிடைத்தது சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பட்டம். அடுத்த தலைமுறையில் அவன் மகன் சோமேசுவரன் சமயபுரத்துப் பக்கம் கண்ணனூரில் தலைநகரமே அமைத்துக்கொண்டு காவிரிக் கரையில் உட்கார்ந்துவிட்டான். ராஜராஜனுக்குப் பின் வந்த மூன்றாம் ராஜேந்திரன் ஓரளவு தலையெடுத்தபோது அதே சோமேசுவரன் பாண்டியன் பக்கம் சாய்ந்தான். ராஜேந்திரனின் பட்டங்களில் ஒன்று அவனை மாமன் சோமேசுவரனுக்கு யமதண்டம் என்கிறது. காப்பாற்ற வந்த குடும்பத்து மாமனைப் பற்றிச் சோழனே கல்லில் வெட்டிவைத்த கருத்து அது.

இன்னொரு தரப்புச் சாட்சியம் வயலூர். அங்கே காடவன் தெள்ளாற்றில் சோழனை வென்றதையும், அவனுடைய அரச சின்னங்களைக் கைப்பற்றியதையும், சிறையில் வைத்ததையும், சோழ நாட்டைக் கொண்டதையும் ஒளிவுமறைவில்லாமல் அறிவிக்கிறான். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பெரும் வெற்றி பெற்றுத் தெள்ளாறெறிந்த என்ற அடைமொழி வாங்கியதும் இதே தெள்ளாற்றில்தான் என்பது காடவனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். முதுகில் குத்துகிறவன் களத்தின் பெயரைப் பாறையில் வெட்டமாட்டான். நடந்தது போர். பாண்டியனிடம் தோற்றுத் தலைநகரை விட்டுப் பரிவாரத்தோடு வடக்கே போய்க்கொண்டிருந்த அரசனை வழிமறித்த போர். போசள அரசவைக் கவி சகலவித்யா சக்கரவர்த்தி எழுதிய ‘கத்யகர்ணாம்ருதம்’ என்ற வடமொழி நூலும் அவன் வழியில் காடவனால் தாக்கப்பட்டதையே சொல்கிறது. அடிபட்டு ஓடுகிறவனை மறித்தது பெருந்தன்மை ஆகாதுதான். ஆனால் பெருந்தன்மை இல்லாத போர் என்பதும் துரோகம் என்பதும் ஒன்றல்ல.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்களே? இருந்தார்கள். சோழர்களிடம் வேளைக்காரப் படை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்தால் அவனோடு சிதையில் விழும் மெய்க்காவலர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அவர்கள் அரசனோடு வாழ்ந்து, அரசனோடு உண்டு, அவன் உடம்புக்குக் காவலாக நின்றவர்கள். கோட்டையும் நாடும் படையும் குடிகளும் உள்ள ஒரு தலைவன் அந்த வகை உறுதி எடுத்தவனல்ல. செங்கத்து உடன்படிக்கைபோல நிபந்தனையோடு கைகோத்தவன். மெய்க்காவலனுக்கு வைத்த அளவுகோலால் சிற்றரசனை அளப்பது நியாயமில்லை.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1264இல் லூயிஸ் போர்க்களத்தில் சைமன் டி மான்ட்போர்ட் என்ற பிரபு தன் அரசன் மூன்றாம் ஹென்றியைப் பிடித்துக் காவலில் வைத்தார். அவர் அந்த அரசனின் தங்கை கணவர் வேறு. அடுத்த ஆண்டு அவர் கூட்டிய சபையை நாடாளுமன்ற வரலாற்றின் மைல்கல் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். காடவன் எந்த நாடாளுமன்றத்தையும் கூட்டவில்லை; அவனை மக்களாட்சி வீரனாக்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். அரசனைச் சிறைபிடித்த பிரபு என்ற ஒரே தகவலை வைத்து அங்கே யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை, அவ்வளவுதான்.

அண்மைக் காலத்தில் எதிர்க்கதை ஒன்றும் கிளம்பியிருக்கிறது. காடவனைத் தங்கள் சாதிச் சக்கரவர்த்தியாக்கிச் சுவரொட்டி போடுகிறவர்கள் கதை. அதுவும் இதே தவறின் மறுபக்கம். அவன் உத்தமனல்ல. அவன் படை போன இடங்களில் குடிகள் நிம்மதியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. மகன் கோப்பெருஞ்சிங்கன் பெரம்பலூரில் போசளத் தண்டநாயகர்களான கேசவன், அரிகரன் முதலியோரைக் கொன்று அவர்கள் பெண்டுகளையும் பொருளையும் கைப்பற்றினான். அந்தப் பாவம் தீர விருத்தாசலத்து ஈசனுக்குத் தன் பட்டப்பெயரில் ஓர் அணிகலன் செய்து சாத்தினான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வென்றதைப் பாறையில் வெட்டியவர்கள், செய்தது பாவம் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். சுவரொட்டிக்காரர்கள் இந்தக் கல்லைத் தொடுவதில்லை.

கோவில்களை அழித்தவன் என்ற குற்றச்சாட்டுக்குச் சிதம்பரம் பதில் சொல்லும். அங்கே தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் என்று காடவன் பெயர். கிழக்குக் கோபுரம் மகன் காலத்தது; பரதநாட்டியக் கரணங்களைச் சிற்பங்களாக அடுக்கிய வாயில் அது. பரதம் வல்லவன் என்பது அவன் பட்டங்களில் ஒன்று. திருவண்ணாமலையிலும் காடவர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. ஆந்திரத்தில் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் அவன் எழுத்து இருக்கிறது. திராட்சாராமத்தது 1262ஆம் ஆண்டுக்குரியது. சிதம்பரத்தில் நந்தவனங்களும் கட்டளைகளும் ஏற்படுத்திய பெருமாள்பிள்ளை என்ற சோழகோன், இந்தக் காடவனிடம் பணியாற்றிய அதிகாரி. அவன் காடவனுக்கு விசுவாசமாக இருந்தான் என்று யாராவது பாராட்டியதுண்டா?

திருவண்ணாமலை யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்பதும் சுவாரசியம். கோவிலைச் சுற்றி வந்தால் ராஜகோபுரம், கிளி கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம், வல்லாள கோபுரம் என்று பெயர்கள் வரும். வல்லாளன் என்பவன் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன். மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது தலக்கதை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவனுக்குத் திதி கொடுக்கிறார். திருவிழாவில் கூடும் சனங்களுக்கு அவன் வெளியூர்க்காரன் என்ற நினைப்பே கிடையாது. அருமையான வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் போசளக் குடும்பத்தின் படை நடுநாட்டை எரித்த கதை இந்த ஊரில் எவருக்கும் உறுத்துவதில்லை. காடவன் சோழனை அடைத்த கதை மட்டும் நூற்றாண்டுகள் தாண்டியும் ஆறுவதில்லை.

சம்புவராயர் விஷயம் இன்னும் வேடிக்கை. காடவர்களைப் போலவே சோழ அரசவையில் வளர்ந்து, சோழ மன்னர் பெயர்களைத் தாங்கி, மையம் தளர்ந்ததும் படைவீட்டிலிருந்து தனி அரசு நடத்தியவர்கள் அவர்கள். 1989இல் வட ஆர்க்காட்டைப் பிரித்துப் புது மாவட்டம் உருவாக்கியபோது அரசு அதற்கு வைத்த பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை மொத்தமாக நீக்கும் வரை அரசு ஓலைகளில் அந்தப் பெயர் இருந்தது. ஒரே பாதையில் நடந்த இரண்டு குடும்பம். ஒன்றின் பெயர் மாவட்டத்துக்கு, மற்றதன் பெயர் வசைக்கு. வித்தியாசம் ஒன்றுதான்: சம்புவராயர் கையில் சோழச் சக்கரவர்த்தி யாரும் சிக்கவில்லை.

கடைசியாக, சோழப் பேரரசை வீழ்த்தியது காடவன்தான் என்ற வாதம். தேதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து வெளியே வந்த ராஜராஜன் அதற்குப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் அரசனாக இருந்தான். 1246 முதல் மூன்றாம் ராஜேந்திரனும் சேர்ந்துகொண்டான். பாண்டியர்களை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. நிலைமையை மாற்றியது 1251இல் பட்டம் ஏறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன். சோழனைக் கப்பம் கட்டவைத்தான், கண்ணனூரில் சோமேசுவரனைக் கொன்றான், சேந்தமங்கலத்தையும் முற்றுகையிட்டு யானைகளையும் பொருளையும் பறித்துக்கொண்டு பிறகு காடவனிடமே திருப்பிக் கொடுத்தான். மூன்று பேரும் ஒரே பாண்டியன் காலடியில். 1279இல், மாறவர்மன் குலசேகரபாண்டியன் ஆட்சியில், ராஜேந்திரனின் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. கோப்பெருஞ்சிங்கனின் கடைசிக் கல்வெட்டுகளும் அதே 1279ஆம் ஆண்டோடு முடிகின்றன. இருவர் நிலத்திலும் அடுத்த கல்வெட்டுகள் பாண்டியன் பெயரில் தொடங்குகின்றன.